மரியா மொண்டிசோரி அம்மையார்

நம் ஊர்ப் பக்கங்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளையை அனுப்பும் இடத்துக்கு மொண்டிசோரி என்றுதான் பெயர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அப்படியே சொல்கிறோம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் இலங்கைக்கு வந்து போனவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. நம் பழைய மாணவியரில் முன்பள்ளி நடத்துவோரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோரும் இருப்பதால், அவர் வாழ்க்கையை இம்மலரில் சொல்வது பொருத்தமென எண்ணுகிறேன்.

மரியா 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக றோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தைப் பார்ப்பது தகாது என்று, அறுவைப் பாடத்தை மற்றவர்கள் போன பிறகு தனியே செய்ய வைத்தார்கள். 1896 இல் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதற் பெண் வைத்தியர்களில் ஒருவரானார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடன் வேலை செய்தபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் தேவை என்று கண்டார்.

1898 இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணமாகாத தாய். ஊருக்குத் தெரிந்தால் தொழிலும் பெயரும் போய்விடும். மரியோ என்ற அந்தப் பிள்ளை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். பதின்ம வயதில்தான் தாயோடு வந்து சேர்ந்தான். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி காட்டியவர் தன் பிள்ளையை வளர்க்க முடியாமல் போனவர். பிள்ளையைப் பிறர் கையில் விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போன தாய்மார் இருக்கும் நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

1907 ஜனவரி 6 இல் றோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதைக் கேட்டவர்கள் பெற்றோர் அல்ல, குடியிருப்பைக் கட்டியவர்கள். தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்குகிறார்கள் என்பதே அவர்கள் கவலை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. தாய் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தடையில்லாமல் வர வேண்டும் என்பதல்லவா துரைமாரின் முதல் நினைப்பு! சுவரைக் காப்பாற்றக் கிடைத்த அறையை மரியா பிள்ளைகளுக்குரிய இடமாக மாற்றினார்.

அங்கே முதலில் கற்பித்தது எழுத்தல்ல. கை கழுவுதல், பொத்தான் போடுதல், சப்பாத்துக் கட்டுதல், சிந்தாமல் தண்ணீர் ஊற்றுதல். சிறு பிள்ளை தூக்கக்கூடிய கதிரைகளைச் செய்வித்தார். கவனமின்றி இடித்தால் அவை சத்தத்தோடு விழும். அந்தச் சத்தமே பிள்ளைக்குப் பாடம். உடையாத பாத்திரம் கொடுக்கவில்லை, உண்மையான கண்ணாடியும் பீங்கானும் கொடுத்தார். ஒரு நாள் ஆசிரியை பிந்தி வர, பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வேலையில் இருந்தார்கள். ஆசிரியை அதைத் திருட்டு என்றார். மரியாவோ, எதை வேண்டுமென்று தெரிந்தெடுக்கப் பிள்ளைக்குத் தெரிகிறது என்று கண்டு, அலுமாரிக்குப் பதிலாகக் கைக்கெட்டும் தட்டுகளை வைத்தார்.

நல்ல பழக்கம் பற்றி அவர் செய்த மிகச் சிறிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கைலேஞ்சியைப் பிடித்து, பிறருக்கு அருவருப்பில்லாமல் மெதுவாக மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு நாள் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கை தட்டி ஆரவாரித்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று ஏசாதவர் இல்லை, எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் காட்டவில்லை. கதவைச் சத்தமின்றிச் சாத்துவதையும், இருவர் பேசும்போது காத்திருப்பதையும், வழி விட்டு நடப்பதையும் இப்படியே செய்து காட்டிப் பழக்கினார். விருந்தாளி முன்னால் பிள்ளையின் முதுகில் தட்டி வணக்கம் சொல்லச் சொல்லும் நம் முறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பிள்ளை தானே செய்யக்கூடிய வேலையில் பெரியவர் கை வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஐந்து வயதிலும் ஊட்டிவிடும் நம் அம்மம்மாமார் அவரோடு சண்டைக்கே போயிருப்பார்கள்.

எழுத்தும் வந்தது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிய பிள்ளைகள், நான்கு ஐந்து வயதில் யாரும் கட்டாயப்படுத்தாமலே எழுதினார்கள். இன்று அவர் பெயர்ப் பலகையின் கீழே மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அவர் புகழ் உலகெங்கும் பரவியது. முசோலினி அரசோடு ஒத்துப்போகாமல் 1934 இல் இத்தாலியை விட்டார். 1936 இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினையும் விட்டு நெதர்லாந்துக்குப் போனார். 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தபோது வயது 69. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்ல, முந்நூறுக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள். 1940 இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு மரியோவைத் தடுப்புக் காவலில் வைத்து, தாயை அடையாறு வளவுக்குள் கட்டுப்படுத்தியது. அவரது எழுபதாவது பிறந்த நாளில் வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்தார். வெளியில் மருமகன், வளர்ப்பு மகன் என்றெல்லாம் சொல்லப்பட்டு வந்தவர் அன்று அவரது மகனாகவே தாயிடம் வந்தார். பின்பு கொடைக்கானலில் தங்கிச் சிறு பாடசாலை ஒன்றையும் நடத்தினார்கள். அங்கே அவரோடு வேலை செய்தவர்களில் நம் நாட்டு லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944 இல், நடமாடச் சற்றுச் சுதந்திரம் கிடைத்ததும், அம்மையார் இலங்கைக்கு வந்தார்.

1946 இல் ஐரோப்பா திரும்பினாலும் அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 இல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய சர்வதேச மொண்டிசோரி சங்கத்தை 1982 இல் இறக்கும் வரை மரியோ நடத்தினார்.