குளக்கரையில் 75,000 பேர்: யார் இந்த மேரியன் ஆண்டர்சன்?

வாஷிங்டன் போனால் லிங்கன் நினைவிடத்துக்கு எதிரே இருக்கும் அந்த நீளமான குளத்தைப் பார்க்காமல் வரமாட்டீங்க. 600 மீட்டருக்கும் மேல் நீளம். ஓரத்தில் ஆழம் முழங்கால் அளவுதான். படம் எடுத்துட்டு, திரும்பிப் படிக்கட்டைப் பாருங்க. மேரியன் ஆண்டர்சன் பாடிய இடம் அது.

1897இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துட்டார். தேவாலயத்தில் பாடிய பிள்ளை முறையாகப் பாட்டு கத்துக்க, அந்தத் தேவாலய மக்களே காசு சேர்த்துக் கொடுத்தாங்க.

1930களில் ஐரோப்பா அவரைக் கொண்டாடியது. சொந்த நாட்டில்? 1939இல் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் பாட அவருக்கு அனுமதி இல்லை. காரணம் தோல் நிறம். மண்டபத்தை நடத்திய அமைப்பிலிருந்து அதிபரின் மனைவி எலினோர் ரூஸவெல்ட் விலகிட்டார்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. நல்ல குளிர். கனமான கோட்டோடு படிக்கட்டில் நின்று பாடினார். எதிரே, குளத்தை ஒட்டி, சுமார் 75,000 பேர். கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் கலந்து நின்றாங்க. 1922இல் இதே நினைவிடத்தைத் திறந்தபோது கறுப்பினத்தவரைத் தனியாகத்தான் உட்கார வைத்தாங்க. அடிமைமுறையை ஒழித்தவரின் நினைவிடத்திலேயே!

வானொலியில் லட்சக்கணக்கானோர் கேட்டாங்க. மண்டபம் கொடுத்திருந்தால் சில ஆயிரம் பேர்தான் கேட்டிருப்பாங்க.

1943இல் அதே மண்டபத்திலும் பாடினார். 1955இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடிய முதல் கறுப்பினக் கலைஞரானார். 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய நாளில் மறுபடியும் லிங்கன் நினைவிடத்தில் பாடினார். 1993இல் காலமானபோது அவருக்கு வயது 96.