புயலுக்குள் போகிற படகு

காவிரியில் மீன் பிடிக்கிற பரிசலைப் பார்த்திருப்பீர்கள். துடுப்பை நிறுத்தினால் தட்டாமாலை சுத்தும். ஏன்னா அதற்கு அடிக்கட்டை கிடையாது. கடலில் போகிற பாய்மரப் படகின் அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கட்டை ஓடும். காற்று பக்கத்திலிருந்து தள்ளினாலும் படகு நேராகப் போவது அதனால்தான்.

இந்தக் கட்டையை நம்பி உயிர்களைக் காப்பாற்றியவர் காலின் ஆர்ச்சர். 1832-ல் நார்வேயில் லார்விக் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இளம் வயதில் ஆஸ்திரேலியா போய்ச் சகோதரர்களோடு பண்ணை பார்த்துவிட்டு, 1861-ல் ஊர் திரும்பினார். படகு கட்டுவதைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நார்வே கடலில் மீனவர்களும், கப்பலுக்கு வழிகாட்டப் போகிறவர்களும் புயலில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் திறந்தவை. பெரிய அலை உள்ளே விழுந்தால் அவ்வளவுதான். ஆர்ச்சர் மேலே தளம் போட்டு மூடினார். நீளமான அடிக்கட்டையில் இரும்புக் கனம் ஏற்றினார். சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். (தலையாட்டி பொம்மை தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்!)

1893-ல் அவர் பெயரிலேயே ஒரு மீட்புப் படகு கடலில் இறங்கியது. இன்ஜின் இல்லை, பாய் மட்டும்தான். அடுத்த வருஷமே வட நார்வேயில் ஹாம்னிங்பெர்க் பக்கம் புயலுக்குள் போய் 36 பேரைக் காப்பாற்றியது.

துருவப் பயணம் போன நான்சென்னின் ஃபிராம் கப்பலும் (1892) இவர் கட்டியதே. பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்ப வேண்டுமே, அதனால் அதற்கு மட்டும் அடியை உருண்டையாக்கி, கட்டையை வெளியே தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டார். திறந்த கடலில் அது ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை!

1921-ல் ஆர்ச்சர் இறந்தார். ஆனால் அவர் படகை அமெரிக்கரான வில்லியம் ஆட்கின் சிறிதாக்கி வரைந்திருந்தார். அந்த வரைபடத்தை வைத்து 1960-களில் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டியதுதான் 32 அடி சுஹைலி. வேகம் குறைவுதான். ஆனாலும் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாக, எங்கும் நிற்காமல் 312 நாளில் உலகைச் சுற்றி 1969-ல் வந்து சேர்ந்தார். போட்டிக்குக் கிளம்பிய 9 பேரில் முடித்தது அவர் ஒருவரே.

அதே மாதிரியில் கோவாவில் கட்டிய துரியா படகில் 2018-ல் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி போனார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் பாய்மரத்தை முறித்தது. அவருக்கு முதுகெலும்பில் அடி, எழுந்து நிற்க முடியவில்லை. படகு மட்டும் மூழ்கவே இல்லை. மூன்று நாள் அதற்குள்ளேயே படுத்துக் கிடந்தார். பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து அவரை உயிரோடு மீட்டது.