காஞ்சி தந்த கானச் செல்வி

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பர் நம் முன்னோர். ஆனால் முளைத்த பயிருக்கு நீர் விடுவார் இல்லையேல் அது விளைவது எங்ஙனம்? இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாலந்தைத் தந்தே இவ்வுலகிற்கு அனுப்புகிறார். அதனை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றிருக்கிறோம். தம் தாலந்தைத் தாமே புதைப்பவர் சிலர். ஊரும் உறவும் கூடி நின்று புதைக்கச் செய்வது பலருடைய தாலந்தை. அவ்வாறு புதைந்து போயிருக்க வேண்டிய ஒரு பள்ளிச் சிறுமியின் குரல், வெளியே வந்து நாடெங்கும் ஒலித்த வரலாற்றை இங்கே காண்போம். அச்சிறுமியே பின்னாளில் இசையுலகம் போற்றிய டி. கே. பட்டம்மாள் அம்மையார்.

பிறப்பும் வளர்ப்பும்

கோயில் நகராம் காஞ்சிபுரத்தில் 1919ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 19ஆம் நாள் பட்டம்மாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அலமேலு. பட்டா என்று வீட்டார் செல்லமாக அழைத்ததே பட்டம்மாள் என நிலைத்துவிட்டது. தந்தையார் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர் வடமொழி கற்றவர். இசையில் பெரும் பற்றுடையவர். விடியற்காலையில் மகளை எழுப்பி அருகில் அமர்த்திச் சுலோகங்களையும் பாடல்களையும் பாடச் செய்வார்.

தாயார் காந்திமதி அம்மாளும் இனிய குரல் படைத்தவர். ஆயினும் உற்றார் உறவினர் முன்னிலையில்கூட அவர் வாய் திறந்து பாடியதில்லை. அக்காலத்துக் கட்டுப்பாடு அத்தகையது. அந்நாளில் மேடையேறிப் பாடிய பெண்கள் பெரும்பாலும் கோயிலைச் சார்ந்து வழிவழியாக இசையும் நடனமும் பயின்ற குடும்பத்தினர். வீணை தனம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற மேதைகள் அம்மரபில் வந்தவர்களே. அவர்களுடைய இசையைக் கேட்டு மகிழ்ந்த சமுதாயம், அவர்களுக்குரிய மதிப்பை அளிக்கத் தவறியது. ஆசாரமான அந்தணர் இல்லத்துப் பெண் மேடையேறிப் பாடுவது குடும்பத்திற்கே இழுக்கு என்றும் எண்ணியது. பட்டம்மாள் அத்தகைய இல்லத்தில் பிறந்தவர்.

கேட்டுக் கற்ற கல்வி

குருவின் வீட்டில் பல்லாண்டு தங்கி இசை பயிலும் வாய்ப்பு இச்சிறுமிக்குக் கிட்டவில்லை. ஆனால் காஞ்சியிலே இசைக்குப் பஞ்சமில்லை. அங்கே வாழ்ந்த நயினாப் பிள்ளை, தாளக் கணக்கிலே நிகரற்றவர் எனப் பெயர் பெற்ற மேதை. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கச்சேரிகளுக்குச் செல்வாள் சிறுமி. கேட்ட கீர்த்தனைகளைத் தம்பியரின் துணையோடு ஸ்வரப்படுத்தி எழுதி வைப்பாள். எழுதியதைப் பாடிப் பாடி மனத்தில் பதிப்பாள். எட்டாம் வயதில் காஞ்சியில் நடந்த இசைப் போட்டியில் முதற்பரிசும் பெற்றாள். ஒருமுறை கேட்பதை இழக்காமல் பற்றிக்கொள்ளும் இப்பழக்கமே அவளுக்கு முதல் ஆசானாயிற்று.

பள்ளி தந்த மேடை

இவ்விடத்தில் நம் போன்ற பள்ளி மாணவியர் சற்று நின்று கவனிக்க வேண்டும். பட்டம்மாளின் வாழ்வைத் திருப்பியது ஒரு பள்ளி நாடகம்! காஞ்சியில் அவர் படித்த பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள், மாணவியின் குரல்வளத்தைக் கண்டு நாடகத்தில் பாடி நடிக்க வைத்தார். பாராட்டும் பதக்கமும் கிடைத்தன. பத்திரிகையில் படமும் வெளிவந்தது. அதன் பயனாகக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பாட அழைத்தது.

தந்தையார் தயங்கினார். ஊர் என்ன பேசும், நாளை மகளின் திருமணம் என்னாகும் என்ற கவலை அந்நாளில் எந்தத் தந்தையையும் வாட்டக்கூடியதே. தலைமையாசிரியை அத்தோடு விட்டுவிடவில்லை. தந்தையாரிடம் எடுத்துச் சொல்லி இசைவு பெற்றார். தம்மிடம் படிக்கும் ஒரு மாணவிக்காக ஓர் ஆசிரியை எடுத்துக்கொண்ட அந்த முயற்சியை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

அகில இந்திய வானொலி என்ற பெயரே பிறவாத அந்நாளில், பத்து வயதளவில் பட்டம்மாள் சென்னையில் வானொலியில் பாடினார். 1932ஆம் ஆண்டு, சென்னை ரசிக ரஞ்சனி சபையில் அவருடைய முதற் கச்சேரி நடந்தது. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. நம் எட்டாம் வகுப்பு மாணவியின் வயது! அடுத்த ஆண்டே குடும்பம் சென்னையில் குடியேறியது. அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளையும், பாபநாசம் சிவன் அவர்களிடம் அவர் இயற்றிய பாடல்களையும் பட்டம்மாள் கற்றுத் தேர்ந்தார்.

பல்லவியில் பெற்ற பெயர்

இராகம், தானம், பல்லவி என்பது கருநாடக இசைக் கச்சேரியின் சிகரம். பல்லவியில் ஒரே ஒரு வரிதான் உண்டு. தாளம் பிசகாமல் அவ்வரியை முதலில் மெதுவாகவும், பின் இரட்டை வேகத்திலும், அதன்பின் நான்மடங்கு வேகத்திலும் பாட வேண்டும். கணக்கில் ஓர் எண்ணிக்கை தவறினாலும் பாட்டு சரிந்து போகும். இது ஆடவர்க்கே உரிய துறை, பெண்களுக்கு ஏற்றதன்று என்று அக்காலத்தார் முடிவு கட்டியிருந்தனர்.

பட்டம்மாள் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிறுவயதில் காஞ்சியில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிய தாளக் கணக்கு கைகொடுத்தது. மேடையில் கடினமான பல்லவிகளை எடுத்துப் பாடினார். ஐயுற்றவர்களும் தலையசைத்தனர். பல்லவி பட்டம்மாள் என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயரே பின்னாளில் அவருக்கு வாசிக்க முன்வந்தார். வாதாடி வென்றவரல்லர் அம்மையார், பாடியே வென்றவர்.

நாட்டுக்கு ஒலித்த குரல்

நாடு அடிமைப்பட்டிருந்த நாளில் மகாகவி பாரதியாரின் பாடல்களை மேடைகளில் பாடி மக்கள் உள்ளத்தில் விடுதலை உணர்ச்சியை ஊட்டினார். 1939இல் வெளிவந்த தியாக பூமி திரைப்படத்தில் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடினார். ஆங்கில அரசு பின்னர் அப்படத்திற்குத் தடை விதித்தது. 1947இல் நாடு விடுதலை பெற்ற அந்த இரவில் வானொலியில் பாடும் பேறும் அவருக்கு வாய்த்தது. திரையுலகிலிருந்து அழைப்புகள் பல வந்தபோதிலும், பக்திப் பாடலும் தேசபக்திப் பாடலும் தவிர வேறு பாடுவதில்லை என்ற உறுதியில் நின்றார். தம் குரல் எதற்கு உரியது என்பதை அறிந்தவர் அவர்.

1939இல் ஈசுவரன் அவர்களை மணந்தார். கணவரின் ஊக்கத்தால் திருமணத்திற்குப் பின்னும் இசைப்பணி தடையின்றித் தொடர்ந்தது. தம்பி டி. கே. ஜெயராமனைத் தம் மாணவராகவே வளர்த்தார்; அவரும் 1990இல் சங்கீத கலாநிதி ஆனார். அம்மையாருக்கோ அவ்விருது 1970இலேயே கிடைத்திருந்தது. 1971இல் பத்மபூஷணும் 1998இல் பத்மவிபூஷணும் அளித்து இந்திய அரசு சிறப்பித்தது. எம். எஸ். சுப்புலட்சுமி, எம். எல். வசந்தகுமாரி ஆகியோருடன் சேர்த்து இசையுலகின் பெண் மும்மூர்த்திகளுள் ஒருவராக அவரைப் போற்றுவர். 2009ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் சென்னையில் காலமானார். இன்று நம் பள்ளியில் பயிலும் மாணவியருள் பெரும்பாலோர் அன்று பிறந்திருக்கவே இல்லை.

முடிவுரை

பட்டம்மாளின் புகழை எண்ணும்போதெல்லாம் அவருடைய தாயாரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வீடு, இரண்டு இனிய குரல்கள். மகளின் குரலை நாடு கேட்டது. தாயின் குரலை உறவினர்கூடக் கேட்கவில்லை. மகளுக்குத் திறமை மட்டுமா துணை நின்றது? விடியலில் எழுப்பிய தந்தை இருந்தார். விடாமல் பரிந்து பேசிய ஆசிரியை இருந்தார். தாய்க்கு அப்படி ஒருவரும் இல்லை.

நம் இல்லங்களிலும் நம் வகுப்பறைகளிலும் அத்தகைய குரல்கள் இருக்கலாம். ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைக்கும் தோழி ஒருத்தி இருக்கலாம். பிள்ளைகளுக்காக உழைத்து, தம் பாட்டை மறந்துபோன அன்னை ஒருவர் இருக்கலாம். அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்பதற்கு நமக்குப் பெரும் பொருளோ பதவியோ வேண்டியதில்லை. அன்புத் தோழியரே! நம் தாலந்தை நாம் புதைக்காதிருப்போம். பிறர் தாலந்து புதையவும் விடாதிருப்போம். இன்று மாலை வீடு திரும்பியதும், நம் அன்னையரை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்போமா?