பொறிக்கேற்ற பொறி

பொறி என்றால் இயந்திரம். பொறி என்றால் நெருப்புத் துளியும்தான். இவ்விரண்டையும் இணைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ். அவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு.

விடுமுறையில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பழைய கார் ஒன்று வந்தது. வேகம் கூட்டுவதற்காக அதன் சிலிண்டர் ஹெட்டைச் சீவி, அழுத்த விகிதத்தை உயர்த்தினோம். ஸ்பார்க் பிளக்கை மட்டும் பழைய எண்ணிலேயே மாட்டினேன். மூன்றாம் நாள் பிஸ்டன் ஓட்டையாகி வண்டி திரும்பியது. பழியைத் தாமே ஏற்ற மேஸ்திரி, என் பெயரைச் சொல்லவில்லை.

பாஷ் 1861-இல் உல்ம் நகரருகே ஆல்பெக் என்னும் சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தார். நுண்கருவித் தொழில் பழகினார். அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்திலும் உழைத்தார். 1886-இல் ஸ்டட்கார்ட்டில் ஒரு தொழிலாளியையும் ஓர் எடுபிடிப் பையனையும் வைத்துப் பட்டறை திறந்தார்.

அவர் செய்த மேக்னெட்டோ, ஓரிடத்தில் நின்று மெல்லச் சுழலும் எஞ்சின்களுக்கானது. 1897-இல் வேகமாகச் சுழலும் எஞ்சினுடன் மூன்று சக்கர வண்டியொன்று வந்தபோது அது ஈடுகொடுக்கவில்லை. கனமான ஆர்மேச்சருக்குப் பதிலாக இலேசான உலோக உறையை அசைக்கும் வழியைக் கண்டவர் அவரிடம் பணியாற்றிய அர்னால்ட் சேரிங்கர். 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் அளித்தவர் இன்னோர் ஊழியரான கோட்லோப் ஹோனால்ட். திறமையாளரை நம்பிப் பொறுப்பளித்ததே பாஷின் பெருமை. 1906-இல் எட்டு மணி நேர வேலையையும் கொண்டுவந்தார். ஆயினும் இரண்டாம் உலகப் போரில் அதே நிறுவனத்தில் கட்டாயத் தொழிலாளர் வாட்டப்பட்டனர் என்பதையும் மறைக்கலாகாது. அவர் 1942-இல் மறைந்தார்.

எஞ்சின் மாறினால் பொறியும் மாறவேண்டும். 1897 கற்பிப்பது இதுவே. பிளக்கின் பீங்கான் மூக்கு நீளமாயின் சூடு அதில் தங்கும். குட்டையாயின் விரைந்து வெளியேறும். அழுத்தம் கூட்டிய எஞ்சினில் வெப்பம் மிகுதி. ஆகவே அதற்குக் குட்டை மூக்குள்ள குளிர் பிளக் தேவை. நீள மூக்கு கனன்றால் உரிய நேரத்துக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உருக்கும். அளவு மீறிக் குளிர்ந்தாலோ கரி படிந்து பொறியே எழாது.

சென்ற மாதம் அதே மாதிரி வண்டி வந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் பிளக் பெட்டியை என்னிடம் நீட்டினார். இம்முறை மூக்கை அளந்து பார்த்தபின்பே மாட்டினேன்.