தீன் விளக்கம் போற்றும் பேராண்மை

ஆண்மை என்னும் சொல்லைத் தமிழ் மரபு உடல் வலிமை ஒன்றற்கே உரியதாக வைத்ததில்லை. திருவள்ளுவர் பேராண்மையைப் படைச்செருக்கு அதிகாரத்தில் பேசுகிறார். பிறனில் விழையாமை அதிகாரத்திலும் பேசுகிறார். போர்த்திறமும் புலனடக்கமும் அவருக்கு ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. பகைவனுக்கு இடர் வந்தவிடத்து அவனுக்கு உதவுவதே வீரத்தின் கூர்மை என்றும் அவர் கருதுகிறார். இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, ஏர்வாடி செய்யிது இபுறாகீம் ஷஹீது வலியுல்லாஹ் அவர்களின் வரலாற்றையும், அதனைக் காப்பியமாக்கிய புலவரின் நோக்கையும் ஈண்டுக் காண்போம்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, பாண்டிய நாட்டில் அரியணைக்காகத் தாயாதிகள் பொருத காலம். சோழரும் ஈழத்தாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று படை நடத்தினர். அக்காலத்தில்தான், மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழித்தோன்றலாகப் பிறந்த இபுறாகீம் அவர்கள், கனவில் நாயகத்தின் ஆணை பெற்று, சுற்றமும் தோழரும் சூழத் தென்னாடு போந்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. அவர் முதலில் தீன்நெறியை எடுத்துரைத்தார். பாண்டியர் மறுத்தனர், போர் மூண்டது. வென்றபின் பௌத்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆட்சி புரிந்தார் என்பர். உடன் வந்தோருள் பலர் தாயகம் திரும்பினர். தோற்று அகன்ற விக்கிரமபாண்டியன் அதனை அறிந்து, படை திரட்டி மீண்டான். எஞ்சிய சிலரோடு எதிர்நின்ற இபுறாகீம் அவர்களும், அவர்தம் மைந்தர் அபூதாகிர் அவர்களும் களத்தில் ஷஹீதாயினர். ஏர்வாடி மண் அவர்களை ஏற்றுக்கொண்டது.

ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் நாவில் உலவிய இவ்வரலாறு, 1821ஆம் ஆண்டில் தீன் விளக்கம் என்னும் காப்பியமாக உருப்பெற்றது. பாடியவர் மீசல் வண்ணக்களஞ்சியப் புலவர். வண்ணம் பாடுவதில் கொண்ட வன்மையே அவருக்கு இச்சிறப்புப் பெயரை ஈட்டித் தந்தது. இயற்பெயரினும் அப்பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1807இல் நபி சுலைமான் (அலை) அவர்களைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட இராஜநாயகத்தையும், 1814இல் பகுதாதில் வாழ்ந்து 1166இல் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைப் போற்றும் குத்பு நாயகத்தையும் அவர் இயற்றியிருந்தார். முதலாமவர் அரசாண்டவர், இரண்டாமவர் தம்மைத் தாமே ஆண்டவர், மூன்றாமவர் தம் உயிரையே ஈந்தவர். இம்மூவரையும் ஒரே புலவர் அடுத்தடுத்துப் பாடினார் என்பதிலேயே ஆண்மை பற்றிய அவரது எண்ணத்தின் வளர்ச்சியை நாம் உணரலாம்.

தீன் விளக்கம் தோன்றிய காலச்சூழலும் எண்ணத்தக்கது. 1801 அக்டோபரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே, தென்சீமை மக்கள் படைக்கலம் ஏந்துவதைக் கிழக்கிந்தியக் கும்பினியார் தடைசெய்தனர். 1803இல் சேதுபதியின் நாடு வெறும் ஜமீனாகச் சுருங்கியது. வாளும் வேலும் பறிபோன ஒரு தலைமுறைக்கு, ஆண்மை என்றால் இனி என்ன என்னும் வினா எழாமலா இருந்திருக்கும்? அத்தலைமுறையின் முன்தான் புலவர் பழைய வீரர் ஒருவரை நிறுத்தினார். ஆயினும் தம் நூலுக்குப் போரின் பெயரைச் சூட்டினாரல்லர். வீரரின் பெயரையும் சூட்டினாரல்லர். நெறியின் பெயரையே சூட்டினார். வாளைப் பறிக்கலாம், நெறியைப் பறித்தல் இயலாது என்பதே இதன் உட்கிடை என நாம் கருதுகிறோம்.

மேலும், தமிழ்க் காப்பியத் தலைவன் பெரும்பாலும் வெற்றி பெற்று முடிசூடக் காண்கிறோம். இங்கோ தலைவர் வென்று ஆண்டபின் வீழ்கிறார். ஷஹீது என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் சான்று பகர்தல் என்பதாகும். தாம் கூறியதற்குத் தம் உயிரையே சான்றாக்கியவர் என்னும் பொருளில் அவர் உயர்கிறார். ஊர் திரும்ப விழைந்தோர் திரும்பிய பின்னும், தாம் நின்ற இடத்தை அவர் விட்டகலவில்லை என்பதே அவர் வரலாற்றின் உச்சம்.

இதே நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன், இடைக்கால ஆர்தர் மன்னன் கதையை 1859 முதல் 1885 வரை பகுதி பகுதியாகப் பாடி வெளியிட்டார். அங்கும் தோழர் குறைந்துபோன மன்னன் இறுதிப் போரில் வீழ்கிறான். அங்கும் வாய்மையும் தூய்மையுமே வீரனின் அணிகள். அதற்கு 38 ஆண்டுகள் முன்னரே சேது நாட்டுப் புலவர் ஒருவர் ஒத்ததொரு கருத்தைத் தமிழில் காப்பியமாக்கினார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ஆளும் இனத்தின் கவிஞர் ஒருவர், ஆளப்பட்ட மண்ணின் புலவர் மற்றொருவர். இருவரும் பழங்கதையிற் சென்று தேடியது நல்ல ஆண்மகனையே.

சமயப் போர் பற்றிய கதை பகையை வளர்க்காதோ என ஐயுறுவாரும் உளர். அதற்கு மக்களே விடை கூறியுள்ளனர். இபுறாகீம் ஷஹீது அவர்களின் தர்காவிற்கு நிலக்கொடை நல்கியோர் இந்து மன்னர்களாகிய சேதுபதிகள். துல்கஃதா மாதச் சந்தனக்கூடு விழாவில் எல்லாச் சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். போரிட்டவர் மரபுகள் இரண்டும் ஒரே வாசலில் நிற்கின்றன. போரை மறந்து பண்பை நினைவில் வைத்துக்கொண்டமை இம்மண்ணின் பேராண்மை.

விருதுநகர் மாவட்டத்து நம் ஆலங்குளமும் 1985 வரை அதே இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்ததுதான். இங்குள்ள இளைஞர் சிலர், உரத்துப் பேசுதலையும் சாதிப் பெயரால் மோதுதலையும் ஆண்மை என எண்ணக் காண்கிறோம். அவர்கள் ஏர்வாடி வரை செல்லவேண்டுவதில்லை. 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் பற்றிய தீயைக் கண்டு, உள்ளிருந்தோரைக் காக்க ஓடிச்சென்று மடிந்தோரும் அவர்களுள் அடங்குவர். உள்ளே இருப்பவர் எச்சாதி, எச்சமயம் என அவர்கள் நின்று வினவவில்லை. அவர்களைப் பாடக் காப்பியம் இல்லை. எனினும் வண்ணக்களஞ்சியப் புலவர் இன்றிருந்து அவர்களைக் கண்டிருப்பின், தாம் பாடிய பண்பு இதுவே என அடையாளம் கண்டிருப்பார். தீன் விளக்கத்தை நம் மாணவர் தேர்வுக்காக மட்டும் படித்தல் போதாது. யாருக்காகத் தாம் உறுதியாக நிற்பர் என்பதை எண்ணிப் பார்க்கவும் படித்தல் வேண்டும்.