மாதவையாவும் பெண் குழந்தைகளும்

பாப்பாரப்பட்டியின் பெயரைக் கேட்டதும் தருமபுரி ஜில்லாவாசிகளின் உள்ளத்தில் தோன்றும் உருவம் சுப்பிரமணிய சிவாவினுடையது. தொழுநோயாளி என்ற காரணத்தால் ரயிலேறவும் தடுக்கப்பட்ட அத்தேசபக்தர் 1925-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி அவ்வூரில் காலமானார். மூன்று மாதங்கள் கழித்து, அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னையில் மற்றொரு தமிழர் மறைந்தார். அவர் சிறை சென்றவரல்லர்; சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விலகியவர். நம் ஜில்லாவில் அவர் நினைவைப் போற்றுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவர் வாழ்நாளெல்லாம் எடுத்தெழுதிய விஷயம் நம் ஜில்லாவுக்கு இன்றும் மிக நெருங்கியதாக இருப்பதால், நாவலாசிரியர் அ. மாதவையாவின் சரித்திரத்தை வாசகர்களுக்கு நினைவூட்டுவது நமது கடமையெனக் கருதுகிறோம்.

மாதவையா திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளம் என்னும் கிராமத்தில் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி ஒரு வைதிகப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 1887-இல், தமது பதினைந்தாவது வயதில், தம்மினும் நான்கு வயது இளையவரான மீனாட்சி அம்மாளை மணந்தார். அக்காலத்தில் அது வியப்பான காரியமன்று. பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வாசித்து பி. ஏ. பட்டம் பெற்றார். கல்லூரித் தலைவரான டாக்டர் மில்லரின் போதனை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும் அவர் தம் மதத்தை விடவுமில்லை, ஆங்கிலேயரின் நடையுடைகளில் மயங்கவுமில்லை. தம் வீட்டையும் தெருவையும் புதிய கண்களுடன் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

அவ்வாறு பார்த்தபோது அவர் கண்டது என்ன? பெண் ருதுவாகுமுன் மணம் முடித்துவிடவேண்டுமென்பது ஆசாரம். கணவன் முகத்தை நன்கு அறியாத குழந்தையும், அவன் இறந்தால் விதவையே. அவளுடைய கூந்தலைக் களைவார்கள், நகைகளைக் கழற்றுவார்கள், சுப காரியங்களில் அவள் எதிரே வரலாகாது என்பார்கள். விதவையின் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-லேயே பிறந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. 1890-இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி கணவனுடைய பலாத்காரத்தால் உயிர் துறந்தாள். அதன்பின் 1891-இல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோது, மதத்துக்கு ஆபத்தென்று கற்றவர்களே கூக்குரலிட்டார்கள்.

அடுத்த ஆண்டில், இருபது வயதை ஒட்டிய இளைஞராக, மாதவையா ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற கதையை எழுதத் தொடங்கினார். அது சில பகுதிகளோடு நின்றுபோயிற்று. அவர் அதைக் கைவிடவில்லை. 1903-இல் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயருடன் அதைப் புஸ்தகமாக வெளியிட்டார். சிறு வயதில் மணமாகி, மாமியார் வீட்டுக் கொடுமையை அனுபவித்து, விதவையாகி, முடிவில் மறுமணம் செய்துகொள்ளும் ஒரு பிராமணப் பெண்ணின் சரித்திரம் அது. புஸ்தகம் வெளிவந்ததும் வைதிகர்களின் சீற்றத்துக்கு இலக்காயிற்று.

இந்நூலின் பெருமை கதைப்போக்கில் மட்டும் இல்லை. தமிழில் முதல் நாவலாகிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்தது. அதன் நாயகி ஞானாம்பாள் தொடக்கத்திலேயே மகா புத்திசாலி. பிறர் அவளிடம் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. மாதவையாவோ ஒரு பெண்ணைக்கொண்டே அவள் சரித்திரத்தைச் சொல்லச் செய்தார். விளையாட்டுப் பருவத்தில் உலகம் நல்லதென்று நம்பியிருந்த ஒரு குழந்தை, தன்னிடம் அன்புள்ள பெரியவர்களே தனக்குத் தீங்கிழைப்பதைப் படிப்படியாகக் காண்கிறாள். அவள் குற்றம் ஏதும் செய்யவில்லை. ஆனால் குற்றவாளியைப்போல் நடத்தப்படுகிறாள். விதவைகளைக் குறித்து இரங்கிப் பேசியவர்கள் அதற்கு முன்னும் உண்டு. விதவையைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றதே மாதவையாவின் தனிச் சிறப்பு என்போம்.

ஆண் குழந்தைகளின் நிலையையும் அவர் மறக்கவில்லை. அதே 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தில்லை கோவிந்தன்’ ஒரு கிராமத்துப் பையனின் சரித்திரம். பெரியோர் சொல்வதொன்றும் செய்வதொன்றுமாய் இருப்பதைக் காணக் காண அவனுடைய பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. அந்நூல் 1916-இல் லண்டனிலும் பிரசுரமாயிற்று. 1898-இல் தொடங்கிய ‘பத்மாவதி சரித்திர’த்தில் அவர் இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டார். மனைவி கல்வி பெறவேண்டுமென்று விரும்பும் நாராயணன், பட்டம் பெற்றவன், அவள்மீது வீண் சந்தேகம் கொள்கிறான். படிப்பு ஒன்றினாலேயே தப்பெண்ணம் ஒழிந்துவிடும் என்று நம்பிய நம்மைப் போன்ற ஆங்கிலம் கற்றவர்களுக்கு இதைவிடத் தக்க பாடம் வேறில்லை.

மாதவையா பணியாற்றியது உப்பு இலாகாவில். உப்பு வரியை எதிர்த்து 1930-இல் மகாத்மா தண்டிக்கும், ராஜாஜி வேதாரணியத்துக்கும் நடந்தார்கள். அவ்வரியை வசூலித்த இலாகாவின் உத்தியோகஸ்தரைத் தேசியவாதிகள் புகழலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தயங்காமல் புகழலாம் என்பதே நமது விடை. அன்னியன் பூட்டிய விலங்கு ஒன்று. நாமே நம் குழந்தைகளுக்குப் பூட்டிய விலங்கு மற்றொன்று. முன்னதை உடைக்கப் புறப்பட்டவர்களில் பலர் பின்னதைக் கண்ணெடுத்தும் பாராதிருந்த காலத்தில் அதைக் காட்டிக்கொடுத்தவர் அவர். சிறையில் அடிபடுவதற்கு வேண்டிய தைரியம் பெரிது. சொந்த அக்கிரகாரத்தில் அன்னியனாக நிற்பதற்கு வேண்டிய தைரியமும் சிறிதன்று.

உத்தியோகத்தை விட்டபின் அவர் சென்னையில் சொந்த அச்சுக்கூடம் வைத்து, 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். ‘ஹிந்து’ பத்திரிகையில் குசிகர் என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலச் சிறுகதைகளையும் தமிழில் தந்தார். 1925 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னைச் சர்வகலாசாலை செனெட் சபையில், பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்கவேண்டுமென்று பேசி முடித்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அவர் காணாத சில நற்செய்திகள் பின்னர் வந்தன. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்காக்கி, 1930 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அதே மாதம்! ஆனால் அத்தேதிக்கு முன்பாகவே முடித்துவிட வேண்டுமென்று தேசமெங்கும் அவசர அவசரமாகக் குழந்தை மணங்கள் நடந்தன. வயது 1949-இல் பதினைந்தாகவும், 1978-இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. 2006-இல் புதிய தடைச் சட்டமும் நிறைவேறிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் நம் ஜில்லாவில் குழந்தை மணம் ஒழிந்துவிட்டதா? பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு நடக்கவிருந்த மணத்தை அதிகாரிகள் தடுத்தார்களென்ற செய்தி இன்றும் வருகிறது. தடுக்கப்படாதவை செய்தியாவதில்லை. காரணம் இப்போது சாஸ்திரமன்று. வறுமை, பெண்ணைப் பற்றி ஊர் பேசும் என்ற பயம், தாய் தந்தையர் பிழைப்புக்காக வெளியூர் செல்வது ஆகியவையே. பெயர் மாறினாலும், பெண் குழந்தை ஒரு பாரம், விரைவில் இறக்கி வைக்கவேண்டிய சுமை என்ற தப்பெண்ணம் பழையதே.

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் இத்தகைய மணம் பெரும்பாலும் தானாகவே செல்லாததாகிவிடுவதில்லை. வயது வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அப்பெண் கோர்ட்டுக்கு வந்து, இம்மணம் எனக்கு வேண்டாமென்று சொன்னால்தான் ரத்தாகும். வீட்டில் வாய் திறக்கப் பழகாத பெண் கோர்ட்டில் எவ்வாறு வாய் திறப்பாள்? ஒரு குழந்தை மனைவியைப் பேசவிடவேண்டும், நாம் கேட்கவேண்டும் என்று 1903-லேயே மாதவையா காட்டிய வழி இதுதான்.

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மலர் சூட்டும் கரங்கள், தத்தம் வீட்டுப் பெண் குழந்தையின் கையில் புஸ்தகத்தைக் கொடுத்து, அவள் பள்ளியை முடிக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லையென்று உறுதி செய்துகொள்ளட்டும். 1925-ஆம் ஆண்டில் நாம் இழந்த அவ்விருவருக்கும் அதுவே தக்க அஞ்சலியாகும்.