விபுலாநந்த அடிகளும் எட்டு மெய்ப்பாடுகளும்

மனிதனுக்குச் சிரிப்பு எதனால் உண்டாகிறது, அழுகை எதனால் உண்டாகிறது, கோபம் எதனால் மூளுகிறது என்ற விசாரணையை நம் முன்னோர் வெகுகாலத்துக்கு முன்பே நடத்தியிருக்கின்றனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தமிழில் அதற்குச் சாட்சி. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் வடமொழியில் சாட்சி. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பிற தேசத்து நாடகங்களைச் சோதித்துப் பார்த்தவர் விபுலாநந்த அடிகள். அந்தச் சோதனை அரங்கேறிய இடம் மதுரை. மதுரைவாசிகளிலேயே பலர் இதனை மறந்துவிட்டபடியால், அப்பெரியாரின் சரிதையை ஈண்டுச் சிறிது எழுத முற்படுகிறோம்.

அடிகள் 1892-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி, இலங்கையின் கீழ்கரையில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் பிறந்தார். இளமைப் பெயர் மயில்வாகனன். ஆங்கிலக் கல்வியும் தமிழ்க் கல்வியும் அவரிடத்தில் ஒன்றோடொன்று பிணங்காமல் வளர்ந்தன. 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் போதித்தார். 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இவர் முதலில் பௌதிகமும் இரசாயனமும் கற்ற மனிதர் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அவர் செய்த வேலையில் இலக்கண நூற்பாக்களுக்குப் பொழிப்புரை கூறும் போக்கைவிட, ஒரு விதியை எடுத்துப் புதிய பொருளில் பிரயோகித்துப் பார்க்கும் போக்கே மிகுதி. 1924-ல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார்.

அதே வருஷத்தில், பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில், நாடகத் தமிழைப் பற்றிப் பேசும்படி அடிகள் அழைக்கப்பெற்றார். காவி உடுத்த சந்நியாசி காதலையும் கொலையையும் மேடைக் கூத்தையும் பற்றிப் பேசியது அன்று சிலருக்கு விந்தையாகத் தோன்றியிருத்தல் கூடும். அப்பேச்சின் விரிவே 1926-ல் சங்கம் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’. மதங்கர் என்போர் கூத்தர். அவர்தம் முடிமணியாக அடிகள் கொண்டவர் ஆங்கில நாட்டு ஷேக்ஸ்பியர். அவர் பெயரையே செகசிற்பியார் என்று தமிழாக்கிக்கொண்டார். நூலின் முதற்பகுதி, சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் மிஞ்சியிருக்கும் நாடக இலக்கணங்களைத் திரட்டுகிறது. நடுப்பகுதி ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்கிறது. இறுதிப்பகுதி பத்தாம் நூற்றாண்டில் தனஞ்சயர் இயற்றிய தசரூபகத்தின் சாரத்தைத் தருகிறது.

மெய்ப்பாடு என்ற சொல்லையே சற்றுக் கவனித்தல் நன்று. உள்ளத்து நிகழ்ச்சி மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுதல் என்பது பொருள். கண்ணீர், வியர்வை, மயிர்க்கூச்சு, குரல் தழுதழுத்தல் ஆகியவற்றையே வடநூலாரும் அடையாளமாக எண்ணினர். தொல்காப்பியர் கண்ட மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு, ஆக முப்பத்திரண்டு. வெகுளிக்கு அவர் கூறும் காரணங்களைப் பாருங்கள்: உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை. நான்கும் ஒருவர் மற்றொருவர்க்கு உண்மையாக இழைக்கும் தீங்கு. கொலை வழக்குகளில், கடுமையாகவும் திடீரென்றும் மூட்டப்பட்ட சினமா என்று நீதிமன்றம் ஆராய்வதும் ஏறக்குறைய இதே கேள்விதான். கைப்பேசித் திரையில் முகமறியாதார்மேல் நாள்தோறும் நாம் கொள்ளும் கோபத்தை இந்நான்கில் எதில் அடக்குவது? நமக்குப் புலப்படவில்லை.

தசரூபகம் இன்னும் ஒரு படி செல்கிறது. நிலைத்து நிற்கும் பாவம் வேறு, வந்து வந்து போகும் பாவம் வேறு என்று அது பிரிக்கிறது. பின்னவை முப்பத்துமூன்று. அவை அலைபோல் எழுந்து, நிலைத்த பாவமாகிய கடலிலேயே அடங்க வேண்டும். அப்பொழுதே ரசம் பிறக்கும். அரை நிமிஷத்துக்கு ஓர் அச்சம், அடுத்த அரை நிமிஷத்துக்கு ஒரு நகை என்று ஓடும் இக்கால வாழ்க்கையில் அலைகள் ஏராளம், கடலைத்தான் காணோம். இங்கிலாந்தின் நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாடுகளால் அளந்தபோது, இந்த அளவுகோல் ஒரு நாட்டார்க்கோ ஒரு காலத்தார்க்கோ மட்டும் உரியதன்று என்று அடிகள் காட்டிவிட்டார். ஆகவே நமக்கும் அது பொருந்தும்.

ஒரு குறையையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. சங்க மண்டபத்துக்கு வெளியே அன்று மதுரையில் உயிருள்ள ஒரு நாடக உலகம் இருந்தது. 1922-ல் காலமான சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துச் சிறுவர்களைப் பழக்கியிருந்தார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் விடிய விடிய நடக்கும். மயான காண்டத்தில் சந்திரமதி புலம்பும்போது, நாளெல்லாம் வயலில் உழைத்த ஜனங்கள் தேம்பி அழுவார்கள். மெய்ப்பாட்டியலை ஓதாமலே அதனை அறிந்தவர்கள் அவர்கள். அடிகளின் நூலோ கடுந்தமிழில் அமைந்தது. பண்டிதர் போற்றினர், நடிகர் கைக்கு அது எட்டவில்லை. எளிய நடையில் ஒரு சுருக்கமேனும் அன்று வெளிவந்திருந்தால் தமிழ் நாடகத்துக்குப் பெரிய லாபமாயிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற் கலைஞர் 1897-ல் வெளியிட்ட ‘நாடகவியல்’ நூலுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

அடிகள் பிறகு கல்விப் பணியில் இறங்கினார். மட்டக்களப்பில் சிவாநந்த வித்தியாலயத்தை அமைத்தார். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார்; 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை ஏற்றார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து பல வருஷம் உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அப்பொழுதே உடல் நலிந்திருந்தது. ஜூலை 19-ந் தேதி அவர் காலமானார். அவரது உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் அமைத்த வித்தியாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது.